இது எந்தப் போ

பிப்ரவரி 2

அண்ணா,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க அப்பாவின் வயிறு இளகியதையும் இறுகியதையும் எழுதுவாய். இந்தக் கடிதத்துக்கு மட்டுமாவது உன்னைப் பற்றிப் பதில் எழுது.

சேதி இதுதான். எங்கள் ஹோட்டலில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். ஊழியர் சாப்பாட்டுக்கூடத்தில் கேக் வெட்டி, எல்லோரும் கைதட்டி, மேனேஜர் என் கையில் ஒரு கவரைத் திணித்தார். பாராட்டுப் பத்திரமாக இருக்கும், பீரோவில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பிரித்தால் நியூயார்க் போய்வர இரண்டு பேருக்கு விமான டிக்கெட்டும், அங்கே இவர்களுடைய கூட்டாளி ஹோட்டலில் ஒரு வாரம் தங்க இடமும். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஊர் சுற்ற வந்தவர்களின் படுக்கையை இத்தனை வருஷமாக விரித்திருக்கிறேன். அவர்கள் கசக்கிப் போட்ட வரைபடங்களைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து நீவிப் பார்த்திருக்கிறேன். அந்தப் படுக்கை ஒன்றில் ஒரு நாள்கூடத் தலை சாய்த்ததில்லை.

இரண்டாவது டிக்கெட் யாருக்கு என்று வீட்டில் பேச்சே எழவில்லை. உன் மாப்பிள்ளைக்கு லிஃப்டில் மூன்றாவது மாடிக்குப் போனாலே தலை சுற்றும். "உங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போ. அந்த ஊர் பேரையே ஜெபிச்சிட்டு வளர்ந்தவரு அவருதானே" என்று அவரே சொல்லிவிட்டார். நம் மாடிப்படியை அந்த ஊரின் உயரமான கட்டடமாக்கி, நீ லிஃப்ட்காரனாக நின்று, "எண்பத்தாறாவது மாடி, இறங்குறவங்க இறங்கலாம்" என்று என்னைத் தள்ளிவிட்டு முட்டியைப் பேர்த்தது எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பரிகாரமாகவாவது வா.

போனில் சொல்லியிருப்பேன். என் குரல் கேட்டால் அப்பா அழுகிறார், அப்புறம் சாப்பிடுவதில்லை என்று வீட்டுப் போனுக்கு நீ தடை போட்டிருக்கிறாய். கடைக்கு அடித்தால் ஆள் நிற்கிறது என்று வைத்துவிடுகிறாய். எழுதினால்தான் உன்னை நடுவில் ஓடவிடாமல் பிடித்து உட்கார வைக்க முடிகிறது.

மே 20 கிளம்புவதாகச் சொல்லிவிட்டேன். உடனே பாஸ்போர்ட் எடு. நொண்டிச் சாக்கு எதுவும் எழுதாதே.

உன் தங்கச்சி

பிப்ரவரி 12

வாயாடிக்கு,

உன் கடிதத்தைக் கண்ணாடிக் கடையின் பின்கட்டில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னப்பா, பொண்ணு வீட்டுக் கடுதாசியா?" என்றார். "அமெரிக்கா சார்" என்றேன். சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது.

நீ கொடுத்துவைத்தவள். முதுகு ஒடிய வேலை பார்த்ததற்கு இப்போதாவது ஒரு நல்லது நடந்திருக்கிறது. உன் சிநேகிதி யாரையாவது கூட்டிக்கொண்டு போய் வா.

நான் எப்படியம்மா வருவது? அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. வலப்பக்கம் விழுந்தது விழுந்ததுதான். பேச்சில் அவருக்கு மிஞ்சியது ஓரெழுத்து. எது வேண்டுமென்றாலும் "போ". எப்போதாவது வந்து ஒரு பகல் இருந்துவிட்டுப் போகிற உனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கும். வெடுக்கென்று சொன்னால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் பெட்பேன். மூக்கால் சொன்னால் டிவியில் வேறு எதையாவது வை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னால் முதுகு எரிகிறது, புரட்டிப் போடு. இரண்டு தடவை சேர்த்துச் சொன்னால், நான் கடையில் இருக்கும் நேரம் அவரை எட்டிப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார், அந்த ஆளை முதலில் அனுப்பு. இதெல்லாம் எனக்கு ஒரே நாளில் பிடிபட்டதா என்ன? தப்பான போவுக்குத் தண்ணீரை நீட்டி, டம்ளரோடு முகத்தில் வாங்கிக் கற்றுக்கொண்டது.

ஆனாலும் உனக்காக அவரிடம் சொன்னேன். முகம் மழித்துவிடும்போது, "உங்க பொண்ணு என்னை நியூயார்க் கூப்பிடுறா. என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். என்னை உற்றுப் பார்த்து "போ" என்றார்.

உடனே குதிக்காதே. அது எந்தப் போ என்று கேள். தினமும் நான் கடைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டும்போது ஒரு போ சொல்வார். கனமாக, அடித்தொண்டையிலிருந்து வரும். என்னை விட்டுவிட்டுப் போகிறாயா என்கிற போ அது. இதுவும் அதேதான். ஆகவே பேச்சு முடிந்தது.

அந்த ஹோட்டல், ஊர் நடுவே இருக்கிற பெரிய பூங்காவுக்கு வடக்கா தெற்கா என்று மட்டும் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அண்ணன்

பிப்ரவரி 20

அண்ணா,

எனக்கே காது குத்துகிறாயே. ஒரு மனிதர் "போ" என்கிறார். அதற்குப் "போகாதே" என்று பொருள் சொல்ல இந்த உலகத்தில் உன் ஒருத்தனால்தான் முடியும். நீ லென்ஸ் தேய்க்கப் போனது தப்பு, வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்.

ஹோட்டல் பூங்காவுக்குத் தெற்கே. நடந்தே போய்விடலாம். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய் என்பதால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

போன தடவை நான் வந்தபோது அந்த அறையைப் பார்த்தேன். காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்று ஜன்னலை அடைத்து, விளிம்பெல்லாம் துணி செருகி வைத்திருக்கிறாய். உன் அறையில் சக்கர நாற்காலியும் மருந்துப் பெட்டிகளும் குடியிருக்கின்றன. உனக்கென்று இருப்பது ஆணியில் தொங்கும் இரண்டு சட்டையும் அவர் கட்டிலுக்குக் கீழே ஒரு பாயும். உனக்குக் கால்கட்டுப் போட நம் அத்தைகள் தேடாத இடமில்லை, யாரையும் நீ ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் அப்பாவின் கையிலிருந்து உன் கணுக்காலுக்கு ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாய். அவர் அசைந்தால் நீ எழ வேண்டும் என்று. அந்தத் தழும்பைப் பார்த்து "இது என்னண்ணா" என்று கேட்டதற்கு, "செருப்புக் கடிச்சது" என்றாய். செருப்பு எந்த ஊரில் கணுக்காலைச் சுற்றி வட்டமாகக் கடிக்கிறது?

கேட்டுக்கொள். எங்கள் ஹோட்டலில் துணி மடிக்கிற பெண்ணின் பெரியம்மா, ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் ஊரில்தான் இருக்கிறார். திங்கட்கிழமை வந்து கதவைத் தட்டுவார். திருப்பி அனுப்பினாய் என்று தெரிந்தால் நானே வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

உன் தங்கச்சி

மார்ச் 8

வாயாடிக்கு,

உன் ஆள் வந்தார். பெயர் கேட்டேன். "வார்டம்மான்னே கூப்பிடுங்க, அதான் எனக்குக் காதுல விழும்" என்றார். உட்கார வைத்து ஒவ்வொரு போவாகச் சொல்லிக் கொடுத்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். சிரிப்பை அடக்கினார் என்று பிறகுதான் தெரிந்தது. "சார், வாயில்லாத சனத்தோடயே முப்பது வருசம் ஓட்டுனவ நான். நீங்க கடைக்குக் கிளம்புங்க" என்றார். மத்தியானம் மனசு கேட்காமல் ஓடிவந்து பார்த்தேன். அப்பாவைக் குளிப்பாட்டி, தலையைத் தப்பான பக்கம் வகிடெடுத்துச் சீவி, ஜன்னலைத் திறந்து அதன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். அப்பா நன்றாகத்தான் இருந்தார். அதுவே எனக்கு என்னவோ போல இருந்தது.

பாஸ்போர்ட் அவசரமாக வாங்கியாயிற்று, அதில் என் போட்டோவைப் பார்த்தேன். வீட்டில் கண்ணாடி இருந்தும் நான் என்னைப் பார்த்து ரொம்ப நாளாகியிருக்கும் போல. போட்டோவில் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

நீ எதையும் யோசிக்காமல் கிளம்புகிறவள், அதனால் ஒரு திட்டம் போட்டு வைத்தேன். போகிறோம் என்று அர்த்தமில்லை, போனால் என்று ஒரு கணக்குக்கு. முதல் நாள் சிலை. முதல் படகையே பிடிக்க வேண்டும், உனக்கு வரிசையில் நிற்கப் பொறுமை கிடையாது. இரண்டாம் நாள் பூங்காவைக் குறுக்கே நடந்து அருங்காட்சியகம். அங்கே உனக்குக் கால் வலிக்கும், அப்போது உட்கார எங்கே பெஞ்சு இருக்கிறது என்று படத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றாம் நாள் சுரங்க ரயில். நீ ஜன்னல் பக்கம் அடம்பிடித்து உட்கார்ந்து, ஒன்றும் தெரியவில்லை என்று புலம்புவாய். நான்காம் நாள் பாலத்தை நடந்து கடப்பது. ஐந்தாம் நாள் எண்பத்தாறாவது மாடி.

வீட்டுக்குப் போன் செய்ய வேண்டிய நேரத்தையெல்லாம் சிவப்பில் குறித்தேன். குறித்து முடித்துப் பார்த்தால் தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கிறது. பாலத்தில் பாதி தூரம் நடந்ததும் போன் செய்யத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. சிலைக்குப் போகிற படகு கரையை விட்டுக் கிளம்பவே முடியாது. எப்படி மாற்றிப் போட்டாலும் வரவில்லை, விட்டுவிட்டேன்.

விசாவுக்கு நேரில் வரச் சொல்லித் தலைநகரிலிருந்து தாள் வந்திருக்கிறது, இந்த மாதம் 23. போய்வர நாலு நாளாவது ஆகும். வார்டம்மா ராத்திரி தங்க மாட்டாராம். நீ வந்து இருப்பதானால் போகிறேன். இல்லையென்றால் இதோடு விட்டுவிடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

வருகிறேன். லீவு சொல்லியாயிற்று. "இதோடு விட்டுவிடலாம்" என்று எழுதும்போது உன் கை எவ்வளவு ஆசையாக அந்த வரியை எழுதியிருக்கிறது என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்தச் சந்தோஷத்தை உனக்குக் கொடுக்கமாட்டேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவர் படுத்த பிறகு நான் அந்த வீட்டில் இரவு தங்கியதில்லை. என்னைப் பார்த்தால் அழுவாரே, நாலு நாளும் அழுதால் என்ன செய்வேன்? நீ போக்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போ. கேலி செய்ததற்காகப் பழி வாங்காதே.

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கனத்த மேல்கோட்டு வாங்கிவிட்டேன். உன்னுடையதை உன் மாப்பிள்ளை போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, "பிளேன்ல ஏறாமலே நான் அமெரிக்கா போயிட்டேன்" என்றார். மே மாதத்தில் அங்கே அவ்வளவு குளிராது என்று அப்புறம் யாரோ சொன்னார்கள். இருக்கட்டும், போட்டுக்கொண்டு வேர்ப்போம்.

உன் தங்கச்சி

மார்ச் 30

அண்ணா,

விசா கிடைத்த முகத்தோடு ஒருத்தன் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வான்? கிடைத்துவிட்டது என்று சொல்வான். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அப்பாவிடம் போய் அவர் கையைத் தூக்கிப் பார்த்தாய். "நகத்தை யார் வெட்டினது? இந்த விரலை இவ்வளவு ஒட்ட வெட்டக் கூடாதுன்னு யாருக்கும் தெரியாதா?" என்று கத்தினாய். நானும் கத்தினேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். அதனால் உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

உட்கார்ந்து படி.

நீ கிளம்பிப் போன அன்று காலை, கதவு சாத்தின சத்தம் கேட்டதும் அப்பா என்னைக் கூப்பிடுகிற மாதிரி கையை அசைத்தார். பக்கத்தில் போனேன். வாயைக் கோணி, ரொம்பப் பாடுபட்டு, "போனானா" என்றார்.

அண்ணா, போ இல்லை. போனானா. "போயிட்டான்பா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் நல்லா இருக்கிற பக்கத்தால் சிரித்தார். அதற்கப்புறம் குழந்தை மாதிரித் தூங்கினார். நாலு நாளும் காலையில் எழுந்ததும் அதே கேள்வி, நான் அதே பதில், அவர் அதே சிரிப்பு. ஒரு தடவைகூட அழவில்லை. சாப்பாட்டைத் தட்டிவிடவில்லை.

வார்டம்மாவிடம் சொன்னேன், அவர் ஆச்சரியமே படவில்லை. "வந்த நாள்லேர்ந்து என்கிட்ட அதான் கேக்குறாரு. உங்கண்ணன் செருப்பு மாட்டிக் கிளம்பினதும் கேப்பாரு. போயிட்டாருன்னு சொன்னாத்தான் முகம் தெளியும்" என்றார். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவரு எனக்குப் பாடம் எடுத்தாரும்மா. அவருக்கு நான் பாடம் எடுக்க முடியுமா?" என்கிறார்.

உன் காதில் ஏன் ஒரு நாளும் விழவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். உன் முகத்துக்கு நேரே அவர் எப்படிப் "போனானா" என்று கேட்பார்? நீ எதிரே நிற்கும்போது அவரால் சொல்ல முடிவது போ ஒன்றுதான். அதைத்தான் செருப்பு மாட்டும்போதெல்லாம் சொல்லியிருக்கிறார். நாலாம் நாள் தெருவில் உன் குரல் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. நான் என் கண்ணால் பார்த்தேன். நீ உள்ளே வந்ததும் "போ" என்றார், நீ தண்ணீர் கொண்டுவந்தாய்.

அவர் போகச் சொல்கிறார் அண்ணா.

உன் தங்கச்சி

ஏப்ரல் 7

மதிப்புக்குரிய தங்கைக்கு,

தாங்கள் நாலு நாள் வந்திருந்து கண்டுபிடித்ததை எழுதியிருந்தீர்கள். மிக்க நன்றி. ஆறு வருஷமாகக் குளிப்பாட்டித் துடைத்துப் புரட்டிப் போடுகிறவனுக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரிந்துவிட்டது. படித்ததும், உனக்குக் காதில் கோளாறு, "போனானா" என்றால் ஐயோ போய்விட்டானே என்று ஏங்கிக் கேட்பது என்று பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியும் விட்டேன்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றேன்பா" என்று சொல்லி, கதவைத் திறந்து சாத்தினேன். வெளியே போகவில்லை. அடுப்படிக்குள் போய்ப் பாத்திர அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"போனானா" என்றார்.

தெளிவாகக் கேட்டது. வார்டம்மா "போயிட்டாரு, போயிட்டாரு" என்றார். அப்பா சிரித்தார். எனக்குச் சத்தமாகக் கேட்டது. ஆறு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை, அவருக்குச் சிரிப்பும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த அம்மா ஏதோ ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்தார், அதற்கும் சிரித்தார். நான் அலமாரிக்குப் பக்கத்திலிருந்து அசைய முடியாமல் நின்றேன். அசைந்தால் பாத்திரம் சத்தம் போடும். திருடன் மாதிரிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். அன்றைக்குக் கடையில் ஒரு அம்மாவுக்கு இடக்கண் லென்ஸை வலப்பக்கம் மாட்டிக் கொடுத்து முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன்.

எனக்கு வலிக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அவர் என்னை விட்டால் ஒரு நாள் இருக்கமாட்டார் என்றுதான் ஒரு இடத்துக்கும் போகாமல் இருந்தேன். ஜன்னலை அடைத்தேன், போனை அடைத்தேன். வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினேன். இப்போது அவர் நான் கிளம்பினால் சிரிக்கிறார். அவருக்கு நான் வேண்டாம் என்றால், நான் எதற்காக அங்கே இருக்கிறேன்? இதைத் தெரிந்துகொண்டு உன்னோடு ஜாலியாகப் படகில் ஏறிச் சிலை பார்க்கச் சொல்கிறாயா? திரும்பி வந்தால் எந்த வீட்டுக்கு வருவேன்?

நான் வரவில்லை. மாப்பிள்ளையை ஊசி போட்டாவது தூக்கிக்கொண்டு போ.

அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணா,

மாப்பிள்ளையை ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. நீ வராமல் நான் போகப்போவதுமில்லை. இது மிரட்டல்தான். டிக்கெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறேன், வருஷக் கடைசியில் காலாவதியாகட்டும். நீ அந்த அறையில் இரு. நான் என் பங்குக்கு இங்கே தலையணை உறை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்து நான் அழுததில் உன் மாப்பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அப்பாவுக்கு நீ வேண்டாம் என்று எங்கே அர்த்தம் வந்தது? மறுபடியும் உன் அகராதியைத் தூக்கிக்கொண்டாயா? நாலு நாள் நான் அவரோடு இருந்தேன். உன் சட்டை தொங்குகிற ஆணியையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். நீ வெளியே போய் நாலு பேர் முகம் பார்க்கிறாய், காற்று உன்மேல் படுகிறது என்றால் அவருக்கு ஆறுதலாக இருக்கிறது. தன்னால்தான் ஒருத்தன் அடைபட்டுக் கிடக்கிறான் என்று தெரிந்தும் அதை வாய் திறந்து சொல்ல முடியாமல் ஒரு மனிதர் இத்தனை வருஷம் படுத்திருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? நீ அவரைப் பார்த்துக்கொள்ளும்போதெல்லாம் அவர் உன்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். கோபத்தை அவர்மேல் காட்டாதே. வேண்டுமானால் என்மேல் காட்டு, நான் திருப்பிக் கொடுப்பேன்.

உன்னைக் கெஞ்சுகிறேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. வருகிறாயா இல்லையா என்று ஒரே வார்த்தை எழுது. நீட்டி முழக்கினாய் என்றால் அது சாக்கு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உன் தங்கச்சி

நியூயார்க்
மே 3

வாயாடிக்கு,

மேலே இருக்கிற ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு நீ கத்தப்போவது இங்கே கேட்கிறது. கத்தி முடித்துவிட்டு உட்கார்ந்து படி.

ஆமாம், ஓடிவந்துவிட்டேன். மற்றப் பிள்ளைகள் கோபித்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஓடும் வயதில் நான் ஓடவில்லை. ஐம்பதை நெருங்கும்போது கோபித்துக்கொண்டு அமெரிக்காவுக்கு ஓடியிருக்கிறேன். டிக்கெட் உன் பீரோவில் இருந்தாலும், டிக்கெட் ஆபீஸில் என் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் என் தேதியை மட்டும் முன்னால் இழுத்துக் கொடுத்தார்கள். உன்னுடையது மே 20 அப்படியே இருக்கிறது, அந்த ஹோட்டல் அறையையும் நான் தொடவில்லை. வேறொரு சின்ன விடுதியில் இருக்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். நீ பீரோவைத் திறந்து டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பு. அந்த மேல்கோட்டை மட்டும் கொண்டுவராதே.

உன்னோடு வந்திருக்கலாமே என்பாய். உன்னோடு வந்தால் நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனதாகத்தான் ஆகும். அவர் கேட்பது அதையில்லையே. அதுவும் போக, தேதி வரை காத்திருந்தால் எனக்கு நிச்சயம் ஏதாவது ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். நான் அதில் கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியும்.

முதல் நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் செங்கல் சுவர். கட்டிலில் உட்கார்ந்து சட்டையை மடித்தேன், பிரித்தேன், மடித்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஒரு பகலை எனக்காக எப்படிச் செலவு செய்வது என்று தெரியவில்லை. பசித்தது, எழுந்து போகலாம் என்றுகூடத் தோன்றவில்லை. சுத்தம் செய்ய வந்த பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு, கையால் தெருப்பக்கம் காட்டி ஏதோ சொன்னாள். உன் சாதி, நீயும் இப்படித்தான் விரட்டுவாய் என்று எழுந்து போனேன். இரண்டு தெரு தாண்டினதும் அப்பாவைப் புரட்டிப் போடுகிற நேரம் என்று தோன்றி வேகவேகமாகத் திரும்பி நடந்தேன். பாதியில் நின்று யோசித்த பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பதே உறைத்தது. அங்கேயே நடைபாதையில் நின்று சிரித்துவிட்டேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்று அந்தக் கட்டடத்தின் மேலே ஏறினேன். காற்று சட்டையைப் பிடுங்கியது. ஊர் முழுக்கத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்பாய். இருந்தது. நீ பக்கத்தில் இல்லையே என்றும் இருந்தது. அவர் இப்போது யாரிடம் என்ன கேட்டுக்கொண்டிருப்பார் என்றும் இருந்தது. அது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்ததில் அழுதுவிட்டேன். காற்று என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டேன்.

ராத்திரித் தங்கமாட்டேன் என்று அடம்பிடித்த வார்டம்மாவிடம்தான் முதலில் கேட்டேன். "எங்க போறீங்கன்னு சொன்னா யோசிக்கிறேன்" என்றார். சொன்னேன். அன்று சாயங்காலமே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கிளம்புகிற அன்று பையோடு அப்பா முன்னால் போய் நின்றேன். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பா, நான் போறேன்" என்றேன். அவர் போ என்பார், அதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடச் சொன்னேன், விடவில்லை. அந்தக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். பிரித்த விரல் திரும்ப வந்து மூடிக்கொண்டது. திரும்பவும் பிரித்தேன். வார்டம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெருமுனை வரை வந்துவிட்டேன். அங்கே நின்றுவிட்டேன். அவர் பிடித்ததற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு எந்த அகராதியும் என்னிடம் இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று பையைக் கை மாற்றிக்கொண்டேன். அப்போது வார்டம்மா வாசலுக்கு ஓடிவந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

"சார், அப்பா கேக்குறாரு. போனானாங்கறாரு. என்ன சொல்லட்டும்?"

பையைத் திரும்பவும் கை மாற்றிக்கொண்டேன். வார்டம்மா பதிலுக்காக வாசலிலேயே நின்றார்.

"போயிட்டான்னு சொல்லுங்க" என்றேன்.

அண்ணன்